சார்ல் மரீ டெ லா கொண்டமீன்

சார்ல் மரீ டெ லா கொண்டமீன் (1701 – பெப்ரவரி 4, 1774) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும், புவி அளவையாளரும், நாடுகாண் பயணியும் ஆவார். நிலநடுக்கோட்டுப் பகுதியில் புவியின் வடிவத்தை அளக்கச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் முக்கிய உறுப்பினராக இருந்தவர். அமேசான் ஆற்றின் வழியாக அறிவியல் நோக்கில் பயணம் செய்து, அதன் போக்கை அளந்து வரைபடமாக்கியவர். இரப்பர், சின்கோனா ஆகியவற்றைப் பற்றி ஐரோப்பிய அறிவுலகத்துக்கு எழுதியவர்களுள் ஒருவர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, தம்முடைய 28 ஆம் வயதளவில், பிரெஞ்சு அரசு நடத்திய பரிசுச் சீட்டுக் குலுக்கல் ஒன்றில் இருந்த கணக்குப் பிழையைக் கண்டுபிடித்து, எழுத்தாளர் வோல்ட்டேருடன் சேர்ந்து அதனைப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு சூதாட்டம் எப்பொழுது ஆடத்தக்கது என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை நம்பிப் பெரும் பணத்தை இறக்கிய முற்கால நிகழ்வுகளுள் இது நன்கு அறியப்பட்டது.

இளமை

இவர் பாரிசு நகரில் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை அரசுக்கு வரி வசூலிக்கும் உயர் பொறுப்பில் இருந்தவர். இயேசு சபையினர் நடத்திய லூயி-லெ-கிரான் கல்லூரியில் கல்வி கற்றார். படிப்பு முடிந்ததும் படையில் சேர்ந்து, 1719 இல் ஸ்பெயினுக்கு எதிராக நடைபெற்ற போரில் ரோசாசு முற்றுகையில் பங்கு கொண்டார். அங்கே ஆபத்தைப் பொருட்படுத்தாத துணிச்சலுக்காகப் பெயர் பெற்றார். போர் முடிந்தபின் படைவாழ்வில் முன்னேற வழியில்லை என்று கண்டு, அதிலிருந்து விலகி அறிவியலில் ஈடுபட்டார். இளமையில் பெரியம்மை நோய்க்கு ஆளாகி உயிர் தப்பியவர். அதன் தழும்புகள் முகத்தில் இறுதிவரை இருந்தன. இந்நோய் பிற்காலத்தில் இவர் வாழ்க்கையில் மீண்டும் இடம்பெறுகிறது.

பாரிசு நகரக் குலுக்கல்

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு கடனில் மூழ்கியிருந்தது. பாரிசு நகர மன்றத்தின் பெயரில் வெளியிடப்பட்ட கடன் பத்திரங்களுக்கான வட்டியை அரசு குறைத்ததால், அவற்றின் சந்தை விலை முகமதிப்பை விட மிகவும் தாழ்ந்தது. பத்திரம் வைத்திருந்தோர் மனம் நொந்திருந்தனர். புதிதாகக் கடன் கொடுக்க எவரும் முன்வரவில்லை. அக்காலத்தில் நிதிப் பொறுப்பாளராக இருந்த லெ பெலெத்தியே டெ ஃபோர் என்பவர் இச்சிக்கலைத் தீர்க்க ஒரு குலுக்கலை ஏற்படுத்தினார்.

அதன் விதிகள் எளியவை. கடன் பத்திரம் வைத்திருப்பவர் மட்டுமே சீட்டு வாங்கலாம். சீட்டின் விலை பத்திரத்தின் முகமதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாதந்தோறும் குலுக்கல் நடைபெறும். வென்றவருடைய பத்திரத்துக்கு முழு முகமதிப்பும் திருப்பித் தரப்படும். அதற்கு மேல் 5 இலட்சம் லிவ்ர் பரிசாகவும் கிடைக்கும். லிவ்ர் என்பது அக்காலப் பிரெஞ்சு நாணய அலகு.

பிழை எங்கே உள்ளது என்பது முதற் பார்வையில் புலப்படாது. 1,00,000 லிவ்ர் பத்திரம் வைத்திருப்பவர் 100 லிவ்ர் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார். 1,000 லிவ்ர் பத்திரம் வைத்திருப்பவர் 1 லிவ்ர் மட்டுமே கொடுக்கிறார். ஆனால் குலுக்கலில் இரு சீட்டுகளுக்கும் வெல்லும் வாய்ப்பு ஒன்றே. பெறும் பரிசும் ஒன்றே. பெரிய பத்திரங்களைத் தவிர்த்துச் சிறிய பத்திரங்களை நிறைய வாங்கிக் குவிப்பவருக்கு, மற்றவர்கள் நூறு கொடுத்துப் பெறும் வாய்ப்பு ஒன்றுக்குக் கிடைத்துவிடும். இதைக் கண்டுகொண்டவர் லா கொண்டமீன். 1729 ஆம் ஆண்டளவில் ஒரு விருந்தில் இவர் இக்கணக்கை விளக்க, அங்கிருந்த வோல்ட்டேர் அதனை உடனே புரிந்துகொண்டார் என்று வோல்ட்டேரின் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

கணக்கின் அடிப்படை

இதற்குத் தேவையான கணிதம் அப்பொழுது புதியதன்று. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654 இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலும், ஹைகன்சு 1657 இல் வெளியிட்ட நூலிலும் அது உருப்பெற்றிருந்தது. ஒரு சீட்டின் உண்மையான மதிப்பு என்பது, பரிசுத் தொகையை வெல்லும் வாய்ப்பால் பெருக்கக் கிடைப்பது. இன்று இதனை எதிர்பார்ப்பு மதிப்பு என்கிறோம். அந்த மதிப்பு சீட்டின் விலையை விடக் கூடுதலாக இருந்தால் ஆட்டம் ஆடுபவருக்குச் சாதகமானது. குறைவாக இருந்தால் நடத்துபவருக்குச் சாதகமானது. உலகில் நடைபெறும் சூதாட்டங்களில் ஏறத்தாழ எல்லாமே இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

விளக்கத்துக்காக, ஒரு மாதக் குலுக்கலில் 20,000 சீட்டுகள் உள்ளதாகக் கற்பனை செய்து கொள்ளலாம். 5,00,000 லிவ்ர் பரிசை 20,000 ஆல் வகுத்தால் ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் 25 லிவ்ர். ஒரு லிவ்ர் கொடுத்து வாங்கியவருக்கு அது இருபத்தைந்து மடங்கு. நூறு லிவ்ர் கொடுத்து வாங்கியவருக்கோ, பத்திரம் முழு மதிப்பில் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைச் சேர்த்தாலும் நட்டம்தான். ஒரே குலுக்கல், ஒரே பரிசு. ஒருவருக்கு இலாபம், இன்னொருவருக்கு நட்டம். ஆகவே ஒரு குலுக்கல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. என்ன விலைக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

இக்காலச் சூதாட்டக் கூடங்களில் பரிசுத் தொகை ஏறிக்கொண்டே செல்லும் காசுப்பொறிகள் உள்ளன. அவற்றைத் தேர்ந்து ஆடுவோர் செய்வதும் இதே கணக்குத்தான். ஒரு ரூபாய் ஆட்டத்தில் சிறு பரிசுகளாகச் சராசரியாக 88 காசு திரும்பி வருகிறது, பெரும் பரிசு விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று கொண்டால், குறையும் 12 காசை ஈடுசெய்யப் பெரும் பரிசு 1,200 ரூபாயாக இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே இருக்கும்வரை பொறி ஆடுபவரின் பணத்தைத் தின்னும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகே ஆட்டம் சாதகமாகிறது. வெல்லும் வாய்ப்பு இன்னதென்று தெரியாத பொறியில் இந்த எல்லையைக் கணிக்கவே இயலாது. பாரிசுக் குலுக்கலில் எல்லை தாண்டுவதற்காகக் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. சிறு பத்திரம் வைத்திருப்போருக்கு அது முதல் நாளிலேயே தாண்டப்பட்டிருந்தது.

எனினும், சாதகமான ஆட்டம் என்பதும் வெற்றி உறுதி என்பதும் ஒன்றல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே ஒரு சீட்டு வாங்கும் ஒருவர் மாதந்தோறும் ஆடினாலும், தம் வாழ்நாள் முழுவதும் ஒருமுறை கூட வெல்லாமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. சராசரி இலாபம் தாளில் இருக்கும், கைக்கு வராது. அதனைக் கைக்குக் கொண்டுவரச் சீட்டுகளின் பெரும்பகுதி ஒரே தரப்பிடம் இருக்க வேண்டும். குலுக்கல் பலமுறை நடக்க வேண்டும். அதுவரை தாங்கும் முதலும் வேண்டும். லா கொண்டமீனும் வோல்ட்டேரும் தனித்து ஆடாமல் சுமார் ஒரு டசின் பேரைச் சேர்த்துக் கூட்டு அமைத்ததன் காரணம் இதுவே. சீட்டு விற்பனையில் ஈடுபட்டிருந்த நோட்டரிகளின் ஒத்துழைப்பையும் அவர்கள் பெற்றனர்.

கூட்டு மாதாமாதம் வென்றது. சீட்டின் பின்புறம் நல்வாக்கு எழுதும் வழக்கம் அப்போது இருந்ததாகவும், வோல்ட்டேர் அதில் நிதிப் பொறுப்பாளரைக் கேலி செய்யும் சொற்களை எழுதிப் பகையைத் தேடிக்கொண்டதாகவும் கூறப்படுகிறது. ஒரே கூட்டத்தாரே திரும்பத் திரும்ப வெல்வதைக் கண்ட லெ பெலெத்தியே டெ ஃபோர் பணம் தர மறுத்து வழக்குத் தொடுத்தார். ஆயினும் கூட்டினர் எந்த விதியையும் மீறவில்லை. விதியை எழுதியவர் அவரே. தீர்ப்பு கூட்டினருக்குச் சார்பாக அமைந்தது. 1730 இல் குலுக்கல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அவர் பதவியையும் இழந்தார். வோல்ட்டேரின் பங்கு ஏறத்தாழ 5 இலட்சம் லிவ்ர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர் பிற்காலத்தில் எந்தப் புரவலரையும் அண்டாமல் எழுத முடிந்ததற்கு இச்செல்வமும் ஒரு காரணம். இப்பணம் இறுதியில் யாருடையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். அது பிரெஞ்சு அரசின் கருவூலத்திலிருந்தும், நூறு லிவ்ர் கொடுத்து விவரம் அறியாமல் சீட்டு வாங்கிய பத்திரக்காரர்களிடமிருந்தும் வந்தது.

அறிவியற் கழகமும் கிழக்குப் பயணமும்

1730 இல் லா கொண்டமீன் பாரிசு அறிவியற் கழகத்தில் வேதியியல் துறைத் துணை உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு கப்பலேறி அல்சியர்சு, அலெக்சாந்திரியா, பாலத்தீனம், சைப்பிரசு ஆகிய இடங்களைக் கண்டு, கான்ஸ்டாண்டினோபிளில் சில மாதங்கள் தங்கினார். திரும்பி வந்து அளித்த அறிக்கை இவர் தொலைப் பயணத்துக்கு ஏற்றவர் என்பதைக் கழகத்துக்கு உணர்த்தியது.

நிலநடுக்கோட்டுப் பயணம்

புவி முனைகளில் தட்டையானதா, அல்லது நீண்டதா என்ற கேள்வி அன்று அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்திருந்தது. நியூட்டனின் கொள்கைப்படி முனைகள் தட்டையாக இருக்க வேண்டும். பிரான்சில் கசினி குடும்பத்தினர் செய்த அளவைகள் அதற்கு மாறாக இருந்தன. முனைக்கு அருகிலும் நிலநடுக்கோட்டிலும் ஒரு பாகை தீர்க்கக்கோட்டின் நீளத்தை அளந்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். 1735 இல் லூயி கொடான் தலைமையில் பியேர் பூகே, லா கொண்டமீன், தாவரவியலாளர் ஜோசப் டெ ஜுசியூ முதலியோர் அடங்கிய குழு, அன்று பெரு என்று பொதுவாக அழைக்கப்பட்ட பகுதிக்குப் புறப்பட்டது. இன்று அது எக்குவடோர் நாடு. ஜோர்ஜ் ஜுவான், அந்தோனியோ டெ உல்லோவா என்னும் ஸ்பானியக் கடற்படை அதிகாரிகள் இருவரும் உடன் சென்றனர்.

கித்தோ நகருக்கு அருகே யாருக்கி சமவெளியில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமான அடிக்கோடு அளக்கப்பட்டது. அதிலிருந்து தெற்கே குவென்கா வரை, ஆந்தீசு மலைச் சிகரங்களின்மேல் குறிகள் நட்டு, முக்கோண முறையில் ஏறத்தாழ 345 கிலோமீட்டர் தொலைவு கணிக்கப்பட்டது. பனியும் மேகமும் வாரக்கணக்கில் பார்வையை மறைத்தன. நட்ட குறிகள் இரவில் திருட்டுப் போயின. இளம் உறுப்பினர் ஒருவர் தொடக்கத்திலேயே காய்ச்சலில் இறந்தார். குழுவின் அறுவை மருத்துவர் செனியெர்க் 1739 இல் குவென்காவில் காளை விளையாட்டின்போது கூடிய கும்பலால் கொல்லப்பட்டார். பிரான்சிலிருந்து பணம் வராத நிலையில், லா கொண்டமீன் லீமா வரை சென்று தம் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கி வந்தார். வழியில் லோகா என்னுமிடத்தில் சின்கோனா மரத்தைக் கண்டு விரிவாக ஆராய்ந்து கழகத்துக்கு எழுதினார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது.

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, லாப்லாந்துக்குச் சென்ற மொபெர்த்துய் குழு தன் அளவைகளை முடித்துக்கொண்டு 1737 இல் திரும்பிவிட்ட செய்தி எட்டியது. நியூட்டனே வென்றார். கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட பிறகும் இவர்கள் மலையை விட்டு இறங்கவில்லை; 1743 வரை அளந்தனர். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 56,750 துவாசு (110.6 கிலோமீட்டர்) என்பது முடிவு. பிற்கால ஆய்வுகளுடன் ஒப்பிடும்போது, அவசரமாக முடிக்கப்பட்ட லாப்லாந்து அளவையை விட இதுவே துல்லியமானது. இக்குழு பயன்படுத்திய இரும்பு அளவுகோல் 1766 இல் பிரான்சின் நியம அளவாக்கப்பட்டது. மீட்டர் வரையறுக்கப்பட்டபோதும் அதுவே அடிப்படையாக அமைந்தது. அறிவியல் வெற்றி இவ்வாறிருக்க, கொடான், பூகே, லா கொண்டமீன் மூவரும் இறுதியில் ஒருவரோடொருவர் பேசாத அளவுக்குப் பிணங்கினர். அடிக்கோட்டின் முனைகளில் லா கொண்டமீன் எழுப்பிய நினைவுக் கூம்புகளின் கல்வெட்டு ஸ்பானியரைப் பொருட்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவற்றை இடிக்க ஸ்பானிய அரசு ஆணையிட்டது.

அமேசான்

மற்றவர்கள் வந்த வழியே திரும்பத் திட்டமிட்டபோது, லா கொண்டமீன் கண்டத்தைக் குறுக்கே கடந்து அமேசான் வழியாகச் செல்லத் தீர்மானித்தார். கித்தோ நாட்டைச் சேர்ந்த பேத்ரோ மால்டொனாடோ வழியில் இணைந்துகொண்டார். 1743 ஜூலையில் மலை இடுக்குகளின் நீர்ச்சுழல்களைத் தெப்பத்தில் கடந்து, செப்டம்பரில் பாரா நகரை அடைந்தனர். வழி நெடுக ஆற்றின் அகலம், ஆழம், விரைவு ஆகியவற்றைக் குறித்தார். அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சை அறிந்துகொண்டு, பின்னர் கயேனில் கோழிகளின்மேல் சோதித்துப் பார்த்தார். போர்ப் பெண்களின் நாடு பற்றிய பழங்கதையையும் அவர் முழுதும் தள்ளிவிடவில்லை. கணக்கில் இவ்வளவு கறாரானவர் இதில் சற்று இளகியது வியப்பே. இரப்பர் மரத்தின் பாலிலிருந்து பழங்குடியினர் நீர் புகாத புட்டிகளும் காலணிகளும் செய்வதை அவர் விரிவாக எழுதினார். ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்ல எடுத்துவந்த சின்கோனா நாற்றுகள் கடலில் அலை அடித்துப் போயின. அம்மரம் தென்னமெரிக்காவிலிருந்து வெளியேற இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று; 1860களில் நீலகிரி மலையில் பயிரிடப்பட்டது அப்படி வந்ததே.

பத்தாண்டுகளுக்குப் பின் 1745 இல் லா கொண்டமீன் பாரிசு திரும்பினார். பூகே முந்திக்கொண்டு அளவையின் முடிவுகளை அறிவித்துவிட்டிருந்தார். எனினும் மக்களிடையே பெயர் பெற்றது சுவையாக எழுதத் தெரிந்த லா கொண்டமீனே.

அம்மைச்சீழ் ஏற்றல் பற்றிய வாதம்

அக்காலத்தில் பெரியம்மை கண்டோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்தார். இதனைத் தடுக்க, இலேசாக நோய் கண்ட ஒருவரின் கொப்புளச் சீழை நலமாக உள்ளவரின் தோலைக் கீறிச் செலுத்தும் முறை துருக்கியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்தது. இது ஜென்னர் 1796 இல் கண்ட மாட்டம்மைத் தடுப்பூசிக்கு முந்திய முறை. இதில் உண்மையான பெரியம்மையே உண்டாகும், ஆனால் பெரும்பாலும் மென்மையாக. சிலர் இதனாலும் இறந்தனர். நலமாக உள்ள பிள்ளைக்கு வலிந்து நோயைத் தருவது எப்படி முறையாகும் என்று பிரெஞ்சு மருத்துவர்களும் சமயத்தாரும் எதிர்த்தனர்.

1754 இல் லா கொண்டமீன் கழகத்தில் இம்முறைக்கு ஆதரவாக உரை நிகழ்த்தினார். அதன் மையவாதம் பாரிசுக் குலுக்கலைக் கண்டவர் மட்டுமே சொல்லக்கூடியது எனலாம். பெரியம்மை என்பது எவரும் விரும்பாமலே அனைவரும் சேர்க்கப்பட்டுவிட்ட ஒரு கட்டாயக் குலுக்கல். அதில் ஏழுக்கு ஒரு சீட்டு சாவுச் சீட்டு. சீழ் ஏற்றுவது புதிதாக ஒரு சூதில் இறங்குவதன்று. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் குலுக்கலின் விதியை மாற்றிச் சாவுச் சீட்டுகளை முந்நூறில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று என்று குறைப்பது. ஆடாமல் ஒதுங்கி நிற்பது என்ற தெரிவே இங்கு இல்லை என்பதே அவர் கருத்து. 1758 இலும் 1764 இலும் மேலும் இரு உரைகளை வழங்கினார்.

1760 இல் டேனியல் பெர்னூலி இதனை முறையான கணிதமாக்கினார். பெரியம்மை நீங்கினால் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்பது அவர் கணிப்பு. டாலம்பேர் இதை மறுத்தார். அவர் சீழ் ஏற்றலுக்கு எதிரானவர் அல்லர். கணக்கு செய்யப்பட்ட விதத்தையே குறை கூறினார். பலருடைய சராசரி ஒன்று, தனி ஒருவரின் துணிவு இன்னொன்று. எங்கோ முதுமையின் முடிவில் கூடப்போகும் சில ஆண்டுகளுக்காக, இந்த மாதமே சாகக்கூடிய சிறிய ஆபத்தை ஒரு தாய் தன் மகனுக்கு ஏற்பது எளிய வகுத்தற் கணக்கு அன்று என்றார். சீட்டு வாங்கும் கூட்டு ஆயிரம் சீட்டுகளில் நட்டத்தைப் பரப்பிக்கொள்ளலாம். தாய்க்கு அது இயலாது. இக்கருத்து வேறுபாடு புள்ளியியலில் இன்றும் பேசப்படுகிறது. 1763 இல் நோய் பரவியபோது பாரிசு நீதிமன்றம் நகருக்குள் சீழ் ஏற்றலைத் தடை செய்தது.

இறுதிக் காலம்

1748 இல் இலண்டன் அரச கழகம் லா கொண்டமீனை உறுப்பினராக ஏற்றது. 1756 இல் பாப்பரசரின் சிறப்பு அனுமதி பெற்றுத் தம் சகோதரியின் மகளை மணந்தார். 1760 இல் பிரெஞ்சு மொழிக் கழகத்துக்குத் தேர்வானார். முதுமையில் காது கேட்கும் ஆற்றலை இழந்து, கை கால்களும் முடங்கின. எதையும் நேரில் அறிய வேண்டும் என்ற ஆவல் மட்டும் தணியவில்லை. குடலிறக்கத்துக்குப் புதிதாக ஓர் அறுவை முறை வந்துள்ளதை அறிந்து, அந்நோயால் வருந்திக்கொண்டிருந்த தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். அதன் விளைவாக 1774 பெப்ரவரி 4 அன்று பாரிசில் இறந்தார். கொண்டமீனியா என்னும் தென்னமெரிக்கத் தாவரப் பேரினம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவர் இறந்து மூன்று மாதங்களில், மே 10 அன்று, மன்னர் பதினைந்தாம் லூயி பெரியம்மையால் மாண்டார். ஜூன் மாதத்தில் புதிய மன்னர் பதினாறாம் லூயியும் அவருடைய இரு தம்பியரும் சீழ் ஏற்றிக்கொண்டனர்.